இரவல் வாங்கிய வரவேற்பு

போன மாதம் உங்கள் களப்பணியாளர் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத ஸ்பான்சர் விசிட் எது?" என்று கேட்டாள். ஜெர்மனியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பச்சை மிளகாயைப் பீன்ஸ் என்று நினைத்துக் கடித்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள், சால்வை போட்டு அனுப்பினீர்கள். ஆவடி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் நியாயமான கேள்வி கேட்டாள். நான் மிளகாயைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். இதற்குக் கைதட்ட வேண்டியதில்லை.

வேலையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. கடல் கடந்து ஒருவர் ஸ்பான்சராக மாதாமாதம் உதவுவார், அந்த உதவியில் இங்கே ஒரு பிள்ளை படிக்கும், பிள்ளை எழுதும் கடிதத்தை நாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவோம், அவர் எழுதுவதைத் தமிழில் படித்துக் காட்டுவோம். படிவங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. உங்கள் காலத்தில் திரையில் நிரப்புகிறீர்கள், எங்கள் காலத்தில் கார்பன் தாளில் நிரப்பினோம். படிவத்தில் இடமில்லாத ஒன்று உண்டு. கடல் கடந்து இருப்பவர் ஒருநாள் நேரில் வந்து நிற்பார். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதலில் என் முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தப்பு அதன் வயிற்றில் பிறந்ததுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லி அலுவலகத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த வருடமே திருமுல்லைவாயிலில் ஒரு பையன் வீட்டுக்கு ஸ்பான்சர் வந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். அலமாரியில் பளபளவென்று ஒரு டேப் ரெக்கார்டர். இதைப் பார்த்தால் வருகிறவர் என்ன நினைப்பார் என்று பயந்து, "நாளைக்கு மட்டும் இதைக் கொஞ்சம் உள்ளே வெச்சிருங்க" என்றேன். அவர்களும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்கள். விசிட் நன்றாகவே நடந்தது. வந்தவர் கண் கலங்கப் போனார்.

மறுநாள் பையனின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். சத்தம் போடவில்லை.

"மூணு மாசம் ஓவர்டைம் பாத்து வாங்கினது மிஸ் அது. திருட்டுப் பொருளாட்டம் பானை பின்னால வெக்க சொல்ட்டீங்கோ. எம்புள்ள கேக்கறான், ஏம்பா, அத்த நீ எங்கனா எத்துக்கினு வந்தியான்னு. நான் இன்னா சொல்றது?"

 மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இனிமேல் எந்த வீட்டிலும், எந்தப் பொருளையும், எடு என்றோ மறை என்றோ சொல்ல மாட்டேன். நல்ல பாடம் கற்றுவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. பாதிப் பாடம் ஆபத்தானது என்று தெரிய நான்கு வருடம் ஆயிற்று.

பாரிவாக்கத்தில் அமலோற்பவம் என்று ஒரு தாய். தெருவுக்கு அவர் அமலம்மா. கணவர் இறந்துவிட்டார். செங்கல் சூளையில் கல் சுமக்கிற வேலை. ஒரே மகள் ஜெசிந்தா, அப்போது எட்டாவது படித்தாள். கணக்கில் புலி. நான் கூட்டிப்போட்ட பயணப்படியில் தப்பு கண்டுபிடித்துச் சொல்கிற அளவுக்குப் புலி. ஆங்கிலமும் சுமாராக வரும், ஸ்பான்சருக்கு எழுதும் கடிதத்தில் கடைசி இரண்டு வரியை என்னைத் தொட விடாமல் அவளே ஆங்கிலத்தில் எழுதுவாள்.

அந்த வீட்டில் ஒரு இழுபறி ஓடிக்கொண்டிருந்தது. அமலம்மாவின் அண்ணன் தன் பெண்ணை அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்கு அனுப்பியிருந்தார். ஜெசிந்தாவையும் அனுப்பு, இரண்டும் சேர்ந்து போய் வரட்டும் என்று வாராவாரம் வந்து உட்கார்ந்துகொள்வார். அமலம்மா ஒரே பதில்தான் சொல்வார்: "அந்தம்மா படிக்க வெக்குது. பத்து முடிக்காம எங்கியும் அனுப்ப மாட்டேன்." அந்தம்மா என்றது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த மார்கரெட்டை. ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். ஜெசிந்தாவுக்கும் அந்தத் தையல் வேலைக்கும் இடையில் நின்றது அவர் ஒருவர்தான். இதை எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை, நன்றாகவே தெரியும்.

அந்த மார்கரெட் ஒரு ஜனவரி மாதம் வருகிறேன் என்று எழுதினார்.

அவர் வருவதற்கு முதல் நாள் மதியம் அமலம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒற்றை அறை ஓட்டு வீடு. அதற்குள் மெத்தை போட்ட இரண்டு மர நாற்காலி. ஒரு டீப்பாய். அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. சுவரில் பெண்டுலம் கடிகாரம். மூலையில், மேசைமேல், பின்னல் துணி போர்த்திய ஒரு கலர் டிவி. அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில்தான் கலர் டிவி உண்டு. அந்த வீட்டு அம்மா சுலோச்சனா, லாரி வைத்திருக்கிறவர் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு டிவி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அமலம்மா இது?"

"இன்னா மிஸ்ஸு இப்டி கேக்கறீங்கோ? அவ்ளோ தூரத்துலேர்ந்து ஏரோப்ளேன் ஏறி வர்றாங்கோ. பாய போட்டு குந்த வெக்கறதா?"

சுலோச்சனா அவர் பங்குக்குச் சேர்ந்துகொண்டார். "நம்ம தெருவுக்கு மொத மொத வெள்ளக்காரம்மா வருது மிஸ். நாள பின்ன ஊர்ல போயி, அந்த தெருவுல ஒண்ணுமே இல்ல, தரித்திரம் புட்ச்சி கீதுன்னு சொல்லிட்டா நமக்கு அசிங்கமில்ல? என் பெரிய பொண்ண பாக்க வந்தப்போ பீரோவே இரவல் வாங்கி வெச்சோம். அவுங்க ஊட்லயும் அப்டித்தான் வெச்சிருப்பாங்கோ. இதெல்லாம் ஒரு மரியாத."

அவர் சொன்னது உண்மை. பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர்வீட்டு ஃபேன், மாடிவீட்டு வெள்ளித் தட்டு எல்லாம் ஒரு வீட்டில் வந்து சேரும். வருகிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. வந்தவர்களை மதிக்கிறோம் என்று காட்டுகிற வழி அது. அமலம்மாவுக்குத் தெரிந்த ஒரே பெரிய வரவேற்பு அதுதான். மகளைப் பார்க்க வருகிறார்கள், அதனால் அப்படியே செய்துவிட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறார்கள். ஸ்பான்சர் என்ன இல்லை என்று பார்க்க வருகிறார். இந்த வித்தியாசம் அந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு எடுத்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சொல்ல வாயெடுத்தேன். லேத் பட்டறைக்காரர் முகம் கண்முன் வந்தது. இன்னொரு தடவை ஒரு வீட்டுக்குள் நின்று "இதை எடுங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓட்டைப் பார்த்தால், சுவரைப் பார்த்தால் அந்தம்மாவுக்கே புரியாதா என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த வீட்டுக்கு ஒரு பல்பு எரிகிற இணைப்புதான் உண்டு, டிவியைச் சொருக பிளக் பாயிண்டே கிடையாது. போர்த்திய துணியோடு சும்மா நின்றது அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அமலம்மா காபி கொடுக்க எடுத்து வைத்திருந்த டம்ளர்கள் நெளிந்திருந்தன. "கப்பு சாசரு மட்டும் கெடைக்கல மிஸ்ஸு," என்று அவர் கையைப் பிசைந்தார். மறுநாள் காலையில், என் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட கப் சாசர் செட்டை செய்தித்தாளில் சுற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அங்கிருந்து காரில் போய்த்தான் மார்கரெட்டை அழைத்து வந்தேன்.

மார்கரெட் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. ஒல்லியான உடம்பு, வெந்நீரிலும் சோப்பிலும் ஊறிச் சிவந்த கை. பூந்தமல்லி தாண்டும்போது ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டார். மடியில் ஒரு பை. அதில் ஜெசிந்தாவுக்கு அவரே பின்னிய கம்பளி ஸ்வெட்டர். பாரிவாக்கத்தில் ஸ்வெட்டர் போட்டால் ஐந்தே நிமிடத்தில் ஆவியாகிவிடுவோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாருங்கள், அன்று காலை முதலே எனக்கு எதையும் சொல்ல மனசு வரவில்லை.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அமலம்மா சுலோச்சனாவின் பட்டுப் புடவையில் நின்றார். மார்கரெட் அவர் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. ஜெசிந்தாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், கணக்கு மார்க்கைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஸ்வெட்டரை அவள் போட்டுக் காட்டினாள், நெற்றியில் வியர்வை வழிய, கழற்றவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். வஞ்சிர மீன் குழம்பும் சோறும் பரிமாறினார்கள். மார்கரெட்டுக்கு மூக்கில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு என் கப்பில் காபி வந்தது. அந்த ஒரு மணி நேரம் அமலம்மாவும் மார்கரெட்டும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசித்தார்கள் என்று பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கதை எனக்கு ஆறவே இல்லை.

காபி குடிக்கும்போது மார்கரெட்டின் கண் அறையைச் சுற்றி வந்தது. நாற்காலி, கடிகாரம், டிவி. டிவியில் நின்றது. என் பக்கம் குனிந்து, மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார். "இதெல்லாம் இவர்களுடையதா?"

குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். இல்லை, உங்களுக்கு மரியாதை செய்ய இரவல் வாங்கியது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். ஒருவேளை அழுதும் இருப்பார். அமலம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குப் புரிந்தே இருக்காது. ஆனால் ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியும். அவள் எதிரில் அவள் அம்மாவை இரவல்காரி என்று சொல்வதா?

இத்தனை வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அது. இப்போது கிழவியாகிவிட்டேன், இனியாவது முழுசாகச் சொல்கிறேன். என் கையில் என் கப் இருந்தது. நானும் அந்த ஏற்பாட்டில் ஒரு ஆள். இரவல் என்று சொன்னால், ஒரு களப்பணியாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளா என்ற கேள்வி வரும். அலுவலகம் வரைக்கும் போகும். என் மானத்தைத்தான் முதலில் நினைத்தேன்.

"ஆமாம்," என்றேன்.

மார்கரெட் தலையசைத்தார். கப்பைச் சத்தமில்லாமல் சாசரில் வைத்தார்.

திரும்பும்போது காரில் அவர் பூந்தமல்லி வருவதற்குள் ஒன்று சொன்னார். நான்கு வருடம் பணம் சேர்த்து இந்தப் பயணத்துக்கு வந்தாராம். பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனாராம். வீட்டில் வாடகைக்கு எடுத்திருந்த டிவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாயங்கால நேரம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, மற்றபடி பழகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். குத்திக்காட்டச் சொன்ன மாதிரி தெரியவில்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் சொன்னார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கார் நின்ற பிறகு சொல்லியிருக்கலாம். அவர் இன்னும் இரண்டு நாள் பட்டணத்தில் தங்கியிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போனேன், முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன், ஆண்டவரே நீர் பார்த்துக்கொள்ளும் என்று பொறுப்பை அவர் தலையில் போட்டுவிட்டு வந்து சமைத்தேன். மார்கரெட் தங்கியிருந்த விடுதிக்கு அங்கிருந்து ஒரே பஸ்தான்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. அன்பான கடிதம். ஜெசிந்தாவின் குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதித்து உயர்த்தியிருப்பதைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தேன் என்று எழுதியிருந்தார். தன் உதவியை இனி இதைவிடத் தேவையுள்ள வேறொரு பிள்ளைக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு முத்தங்கள் என்று முடித்திருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் திட்ட அதிகாரியிடம் போனேன். கடுகடுப்பான மனிதர், ஆனால் நியாயஸ்தர். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க கேட்டாங்களா? நேரடியா கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார்."

"நீங்க ஆமான்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"சரி. நடந்தது நடந்தபடி ஒரு லெட்டர் எழுதுங்க. நான் கையெழுத்து போட்டு அனுப்பறேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பதில் வந்துரும்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை அன்றே எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பழக்கம் இப்படி, விருந்தினரை மதிக்க இரவல் வாங்குவார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் தப்பெல்லாம் அமலம்மா தலையில் இருந்தது. கிழித்தேன். அடுத்த நாள் மறுபடி எழுதினேன். அதில் "ஒரு தவறான புரிதல் ஏற்பட்டது" என்று வந்தது. யாருக்கு, யாரால் என்று வரவில்லை. அதையும் கிழித்தேன். "நீங்கள் கேட்டீர்கள், நான் பொய் சொன்னேன்." எழுத வேண்டியது இந்த ஒரு வரிதான். பிள்ளைகளின் கடிதங்களை ஆயிரக்கணக்கில் ஆங்கிலமாக்கிய கை இது. இந்த ஒரு வரிக்கு வரமாட்டேன் என்றது. மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். போய் வந்து எழுதலாம் என்று வைத்தேன். வந்தபோது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதிகாரிக்கு வேறு மண்டலத்துக்கு மாற்றல் வந்திருந்தது. கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை. நானும் எழுதவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் ஜெசிந்தா பெயரைச் சேர்த்தேன். புது ஸ்பான்சர் கிடைத்தார், அடுத்த ஜனவரியில். அதற்கு ஏழு மாதம் முன்பே, ஜூன் மாதம் இரண்டாவது வாரம், அவளுடைய மாமா வந்து அவளை எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டார். செய்தி தெரிந்து பாரிவாக்கத்துக்கு ஓடினேன். அமலம்மா சூளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையில் செம்மண். வீட்டில் பழையபடி ஒரு பாயும் ஒரு பெட்டியும்.

"ஒம்பதாவதுக்கு ஃபீசு கட்ட சொன்னாங்கோ மிஸ்ஸு. எங்கண்ணன் கேட்டான், உன் வெள்ளக்காரம்மா எங்க, காணமேன்னு. நான் இன்னா பதில் சொல்றது? வாய மூடிகினேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜத்த சொல்லுங்க மிஸ்ஸு. நான் இன்னா கொற வெச்சேன்? கொழம்புல காரம் ஜாஸ்தியா பூட்ச்சா? அந்தம்மாவுக்கு மூக்குல தண்ணி வந்துச்சு, நான் பாத்தேன். அப்பவே எனக்கு பக்குனு இருந்துச்சு. மீன வெக்காம கோழி வெச்சிருக்கணும், இல்ல?"

"குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு அமலம்மா," என்றேன்.

"அப்ப இன்னா?"

"அவங்களுக்கு அங்க ஏதோ கஷ்டம் போல."

இரண்டாவது பொய். இதற்கு யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது.

அதற்குப் பிறகும் நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ் பாரிவாக்கத்தில் நிற்கும். நான் எப்போதும் அந்தப் பக்கத்து ஜன்னலை விட்டு மறுபக்கம் உட்காருவேன். பதவி உயர்வு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விசிட் எப்படி நடத்துவது என்று வகுப்புகூட எடுத்தேன். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அம்பத்தூரில் ஒரு கூட்டம் முடித்து பஸ் ஏறினேன். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பெண்கள் கும்பலாக ஏறினார்கள். "மிஸ், இங்க குந்துங்க," என்று ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். நல்ல உயரம், கழுத்தில் அடையாள அட்டை, அதன்மேல் தொங்கும் அளவு டேப். அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"ஜெசிந்தாவா?"

"ஆமா மிஸ். செக்கிங்ல கீறேன் இப்போ. என் லைன்ல நாப்பது பேரு." பெருமையாகத்தான் சொன்னாள். பக்கத்து இருக்கை காலியானதும் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா போயி மூணு வருஷம் ஆவுது மிஸ். சூளை புழுதி, நெஞ்சுல சளி. கவனிக்காம வுட்டுட்டோம்."

மூன்று வருடம் நான் அந்த நிறுத்தத்தை மறுபக்கம் பார்த்தபடி தாண்டியிருக்கிறேன்.  எந்த முன்னுரையும் இல்லாமல், ஓடுகிற பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில், எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். மார்கரெட் கேட்டது, நான் ஆமாம் என்றது, அதனால்தான் கடிதம் வந்தது, நான் உண்மையை எழுதாமல் கிழித்துப் போட்டது. என் தப்பு, என் தப்பு மட்டும்தான் என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அளவு டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அவங்க கேட்டது எனக்கும் புரிஞ்சுது மிஸ்," என்றாள். "நீங்க ஆமான்னு சொன்னதும் புரிஞ்சுது. இல்ல மேடம், இரவல்னு சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும். நாக்கு நுனி வரிக்கும் வந்துச்சு. அம்மா அந்த பொடவைல அவ்ளோ சந்தோஷமா நின்னுகினு இருந்துச்சு, அத்த பாத்து முழுங்கிட்டேன்."

பஸ் நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பியது.

"என் படிப்ப நானே கெடுத்துகினேன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிகினு கீறேன். அம்மாகிட்டகூட சொல்லல. எங்க மாமா பொண்ணு கல்யாணமாகி போனப்புறம் கம்பெனில கூட வேல செய்றவங்க என்னை நைட் ஸ்கூல்ல சேரச் சொன்னாங்க. சேரல மிஸ். கெடச்சத கெடுத்தவளுக்கு எதுக்கு இன்னொன்னுன்னு வுட்டுட்டேன்."

அதுவரை நான் என்னிடமிருந்து பறிபோனதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்: என் நிம்மதி, என் நேர்மை. நான் பேசாமல் விட்ட இடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வந்து நின்றுகொண்டு, என் தப்பைத் தன் தப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது எனக்குத் தெரியவே தெரியாது. ஏப்ரலிலேயே அந்தக் கடிதத்தை எழுதியிருந்தாலும் மார்கரெட் மனம் மாறியிருப்பாரோ மாட்டாரோ. அது எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியிருந்தால் நகலை அவளிடம் காட்டியிருப்பேன். அவள் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணே, உனக்காக ஒன்று. நாளைக்கு நீயும் தப்பு செய்வாய். செய்யாமல் இருக்க முடியாது, இந்த வேலையில் யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. மேலதிகாரியிடம் சொல், ஸ்பான்சரிடம் சொல், அது உன் வேலைக்காக. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் போய், இது என் தப்பு, உன்னுடையது இல்லை என்று சொல். பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் சொல்லாமல் விட்டால், காரணத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

"உன் தப்பு இல்லை ஜெசிந்தா," என்று அன்றைக்கு நானும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன்.

"சரி மிஸ்," என்றாள். ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்ததை ஒரு பஸ் பயணத்தில் விட்டுவிட அவளால் முடியவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் 'சரி'யைச் சொன்னாள்.